மேற்கு மேய்ச்சல் பசுக்கள்

லார்க் க்ரீக், வயோமிங்
1954 மார்ச் 14

அன்புள்ள தம்பி எல்வுட்டுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. நீயும் லியோட்டாவும் சுகம்தானே? நானும் உன் அத்தானும் சுகம். ரோலினுக்குக் கடைவாய்ப்பல் வலி. பல் வைத்தியரிடம் போவதைவிட வலியோடு இருப்பதே மேல் என்று முடிவு கட்டிவிட்டார். தாடையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு மந்தைக்குள் நடக்கிறார், மாடுகள் மிரளுகின்றன.

கன்று ஈனும் காலம் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய பொலிகாளைக்கு இதுதான் முதல் ஈத்து. உன்னிடம் இருக்கும் பெரிய மார்ஷலின் மகன் என்பதால் நாங்கள் அதைச் சின்ன மார்ஷல் என்று கூப்பிடுகிறோம். என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தனுப்பிய கிடேரிகளின் வழிவந்த பசுக்களோடுதான் அதை விட்டோம். நம் மந்தை நம் மந்தையோடு சேர்ந்தால் கன்று அச்சில் வார்த்தது போல விழும் என்று நீதானே சொன்னாய். விழுகின்றன. எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கடிதம். பெரிய மார்ஷலின் கன்றுகள் இந்த வருடம் எப்படி? எல்லாம் எழுந்து நிற்கின்றனவா, மூச்சைச் சீராக விடுகின்றனவா? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் பதில் எழுது. நீ நாலு பக்கம் எழுதிவிட்டுக் கேட்டதை விட்டுவிடுகிற ஆள்.

லியோட்டாவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் அக்கா,
ஆர்டிஸ்

❖

டால்கிரென் பண்ணை, நெப்ராஸ்கா
1954 ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அத்தானின் பல்லைப் பிடுங்கச் சொல். குதிரைக்கு என்றால் அவரே பிடுங்கியிருப்பார்.

இங்கே போன வாரம் அடித்த காற்றில் வடக்குக் கிணற்றுக் காற்றாலையின் வால் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து மாட்ட இரண்டு நாள். பிறகு தண்ணீர் இறைக்கும் தண்டு உடைந்தது. அதற்கு இன்னும் இரண்டு நாள். மாதா கோயில் விருந்துக்கு லியோட்டா கோழி வறுத்தாள். புதுப் பாதிரியார் நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஆசையை அடக்குவது பற்றிப் பேசினார்.

அக்டோபரில் நம் பண்ணையின் காளை விற்பனை. வெள்ளைமுக மாடு வளர்ப்பவர்கள் நான்கு மாநிலத்திலிருந்து வருவார்கள். அத்தனையும் மார்ஷலின் மகன்கள். விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். மார்ஷலை முழங்கால் ஆழ வைக்கோலில் நிறுத்தி எடுத்தார். கால் குட்டையாகத் தெரிந்தால்தான் இப்போது மதிப்பாம். நான் சொன்னேன், "மார்ஷலுக்கு வைக்கோல் எதுக்குங்க? அதுக்கு நெஜமாவே கால் குட்டைதான்." அவர் பார்த்துவிட்டு, "பெட்டிக்குக் கால் வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்பா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

உன் கன்றுகள் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டாய். நெற்றி எப்படி இருக்கிறது? புடைத்தாற்போல் ஏதாவது தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி,
எல்வுட்

❖

லார்க் க்ரீக்
1954 ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். காற்றாலையின் வால் சுகமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. தண்டும் குணமாகட்டும்.

எல்வுட், நான் ஒன்று கேட்டேன். உன் பாதிரியார் தின்ற கோழித்துண்டு எத்தனை என்று கேட்கவில்லை. மார்ஷலின் கன்றுகள் எப்படி என்று கேட்டேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் மார்ஷல் இருக்கிறது, மார்ஷலின் கால் இருக்கிறது, படக்காரர் இருக்கிறார். கன்று ஒன்றுகூட இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு மாட்டுப்பண்ணைக்காரன் கன்று என்ற சொல்லே இல்லாமல் தன் பண்ணையைப் பற்றி எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அது போகட்டும். என் கன்றுகளின் நெற்றி புடைத்திருக்கிறதா என்று ஏன் கேட்கிறாய்? நெற்றியைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லையே. கன்று கொழுத்திருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று கேட்பார்கள். நெற்றியை யார் கேட்பார்கள்?

எனக்குப் பதில் வேண்டும். காகிதமும் உறையும் தபால்தலையும் இதற்குள் வைத்திருக்கிறேன். நீ செய்ய வேண்டியது பேனாவைப் பிடிப்பது மட்டும்தான்.

ரோலினின் பல் தானாகவே விழுந்துவிட்டது. இப்போது தான் சொன்னதுதான் சரி என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அக்கா,
ஆர்டிஸ்

❖

டால்கிரென் பண்ணை
1954 மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

லியோட்டா எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நீங்கள் வைத்து அனுப்பிய காகிதத்தில்தான் எழுதுகிறேன். ஒரு மாதமாக அது மேசை மேலேயே கிடக்கிறது. அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை. மன்னிக்கவும்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பாடு மட்டும் குறைந்துவிட்டது. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுகிறார், அவ்வளவுதான். தினமும் தனியாக மேற்கு மேய்ச்சலுக்குப் போய் வருகிறார். அங்கே வேறு யாரும் போகக்கூடாது. கேட்டால், "கதவு கீல் போயிருக்கு. நீ தொறந்தா மாடெல்லாம் வெளிய வந்துடும்" என்கிறார். ஒரு நாள் அவர் ஊருக்குப் போயிருந்தபோது நான் போய்க் கீலைப் பார்த்தேன். கீல் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே தோட்டத்தில் புளிப்பு ருபார்ப் தண்டு நிறைய வந்திருக்கிறது. நீங்கள் அதில் சுடும் இனிப்புப் பலகாரத்துக்கு, அந்த ருபார்ப் பைக்கு, முட்டை சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? எழுதுங்கள். அவரிடம் கோபப்படாதீர்கள். அல்லது படுங்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அன்புள்ள,
லியோட்டா

❖

லார்க் க்ரீக்
1954 ஜூன் 6

எல்வுட்,

சுகம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. ருபார்ப் பைக்கு இரண்டு முட்டை என்று லியோட்டாவிடம் சொல். அவள் எழுதியதற்கு அவள்மேல் விழாதே.

நீ சொல்லமாட்டாய். ஆகவே நான் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் எங்கள் பழைய பசு ஒன்று கன்று போட்டது. வயிறு பானை போல. கால்கள் என் முழங்கைக்கு மேல் இல்லை. நெற்றி புடைத்து, கண் பிதுங்கி, கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் உறுமியது. நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது அது அடுக்களை அடுப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியில் படுத்து உறுமிக்கொண்டிருந்தது. "எல்லாம் நன்றாகவே இருக்கிறது" என்று எழுதினேன். ஆகவே உன்னைத் திட்ட எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. இருந்தாலும் திட்டுவேன்.

ரோலின் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பசு எதையோ தின்னிருக்கு. ஒண்ணுதானே, விடு. வெளிய மூச்சு விடாத."

"மூச்சு விடறது நான் இல்ல. அதுதான் தெருவரைக்கும் கேக்கற மாதிரி விடுது" என்றேன்.

பிறகு இன்னொன்று விழுந்தது, பிறகு இன்னொன்று. மூன்றும் வேறு வேறு பசுக்கள். வேறு வேறு மேய்ச்சல். எல்லாம் அப்பாவின் வழிவந்தவை. காளை ஒன்றுதான். விவசாயக் கல்லூரிக்காரர் ஒருவரை வரவழைத்துக் கேட்டேன். இது தீவனத்தில் வருவதில்லையாம். காளையிடமும் இருக்க வேண்டும், பசுவிடமும் இருக்க வேண்டும். இரண்டும் பார்க்க நன்றாகவே இருக்கும். சேரும்போதுதான் இது விழும். நாம் எல்லோரும் குட்டைக்கால் அழகு, குட்டைக்கால் அழகு என்று இருபது வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது இதைத்தான்.

அக்டோபர் விற்பனையை நிறுத்து. உன்னிடம் எத்தனை விழுந்தது என்று எழுது.

ஆர்டிஸ்

❖

டால்கிரென் பண்ணை
1954 ஜூன் 30

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்படிப்பட்டதைத் தபாலில் அனுப்புகிறாயே, இந்த ஊரில் தபால் பிரிப்பவர் ஆர்வில் சௌட்டரின் மைத்துனர் என்பது உனக்கு மறந்துவிட்டதா? ஆர்வில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் மந்தையில் என்ன குறை என்று பார்க்கவே பிறந்தவன்.

உங்கள் மலைப்பக்கம் விஷப்பூண்டு அதிகம். சினைமாடு தின்றால் கன்று கோணலாகும், எல்லோருக்கும் தெரியும். அத்தான் வேலியைப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரிக்காரருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? அவருடைய சட்டையில் சாணிக்கறை இருந்ததா?

மார்ஷல் மூன்று கண்காட்சிகளில் முதல் பரிசு வாங்கிய காளை. அதைப் பெறுவதற்கு அப்பா முப்பது வருடம் பாடுபட்டார். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் வீட்டில் "அது" விழுந்ததாக ஒரு பேச்சு கிளம்பியது. நிஜமா பொய்யா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அவருடைய மாட்டை வாங்க ஆள் இல்லை. இப்போது அவர் ஊருக்குள் பால் வண்டி ஓட்டுகிறார்.

உன்னைப் பேசாதே என்று நான் சொல்லவில்லை. பேசுவதற்கு முன் நீ எந்த வீட்டில் பிறந்தாய் என்று நினைத்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

தம்பி,
எல்வுட்

❖

லார்க் க்ரீக்
1954 ஜூலை 17

எல்வுட்,

நான் எந்த வீட்டில் பிறந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லாத வீடு.

இங்கே இரண்டு வாரமாகச் சண்டை. சின்ன மார்ஷலை எங்கேயாவது தூரத்து ஏலத்தில் தள்ளிவிடலாம் என்றார் ரோலின்.

"வாங்கறவன் என்ன பண்ணுவான்?" என்றேன்.

"அவன் மந்தை வேற வழியா இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"இப்போ ஆகாது. அவனோட பொண்ணு கல்யாணத்துக்குக் கிடேரி கொடுத்தனுப்புவான். அப்போ ஆகும். அந்தப் பொண்ணு அடுப்புப் பக்கத்துல பெட்டி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் அவரே காளையை அறுப்புக்கு ஏற்றிவிட்டு வந்து, "இனிமே இந்த வீட்ல மாட்டைப் பத்தி யாரும் என்கிட்ட பேசாதீங்க" என்றார். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

மூன்று தாய்ப்பசுக்களையும் அனுப்பக் கிளம்பினார். நான் விடவில்லை. கல்லூரிக்காரர் சொன்னதைக் கேள். ஒரு காளையிடம் இது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. குட்டைக்கன்று போட்ட பசுக்களோடு அதை விட்டுப் பார்க்க வேண்டும். இது இருந்தால் நாலில் ஒன்று அப்படி விழும். பதினைந்து பதினாறு பசுக்களும் நல்ல கன்றாகப் போட்டால் அந்தக் காளையை நம்பலாம். ஆனால் அந்தப் பசுக்கள் எங்கே? எல்லோரும் வெட்கப்பட்டு முதல் வேலையாக அவற்றைத்தானே அறுப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். யாரிடமும் ஒன்றுகூட இருந்ததில்லை. கேட்டுப் பார், இந்த நாட்டில் குட்டைக்கன்று போட்ட பசுவே கிடையாது.

உன்னிடம் இருப்பவற்றை எனக்கு அனுப்பு. என்னிடம் கிழக்கு மேய்ச்சல் காலியாக இருக்கிறது. அனுப்பாவிட்டால் அக்டோபரில் உன் விற்பனைக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவேன். என் வாயை உனக்குத் தெரியும்.

ஆர்டிஸ்

❖

லார்க் க்ரீக்
1954 ஆகஸ்ட் 29

எல்வுட்,

ஆறு வாரம். நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள உன் ஊர்ப் பத்திரிகையை வரவழைத்துப் பார்த்தேன். இறந்தவர்கள் பட்டியலில் நீ இல்லை. விளம்பரப் பக்கத்தில் இருக்கிறாய். அரைப் பக்கம். "மார்ஷலின் மகன்கள், இருபத்திரண்டு காளைகள், அக்டோபர் ஒன்பது, மதிய உணவு உண்டு."

மதிய உணவு உண்டு என்று போடத் தெரிந்த உனக்கு அக்காவுக்கு ஒரு வரி போடத் தெரியவில்லை.

ரயில் சீட்டு வாங்கிவிட்டேன்.

ஆர்டிஸ்

❖

டால்கிரென் பண்ணை
1954 செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். உடனே எழுத வேண்டும் என்றுதான் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று தெற்கு டகோட்டாவிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ட்வைட், வெர்னா என்று பெயர். போன வருடம் நம்மிடம் மார்ஷலின் மகள்களாக எட்டுக் கிடேரி வாங்கியவர்கள். விற்பனைக்கு முன்னாலேயே காளைகளைப் பார்த்து வைக்கலாமே என்று வந்தார்கள். வெர்னாவுக்கு இது ஏழாம் மாதம் இருக்கும். வேலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரு காளையைக் காட்டினாள். "இதைத்தான் எடுக்கப் போறோம். எங்க கிடேரிங்களுக்குப் பொருத்தமா இருக்கும், இல்லையா?"

அவர் வேலியிலிருந்து கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பொருத்தமாத்தான் இருக்கும். அதான் தப்பு. வண்டியில ஏறுங்க, ஒண்ணு காட்டணும்" என்றார்.

நானும் ஏறிக்கொண்டேன். மேற்கு மேய்ச்சலுக்குத்தான் போனோம். கீல் போன கதவை ஒரு கையால் தள்ளித் திறந்தார். பசுக்கள் பதினொன்று நின்றன. குட்டைக்கன்றுகளில் இரண்டுதான் உயிரோடு மிச்சம். ஒன்று வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அதன் மூச்சுச் சத்தம் உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டாம்.

ட்வைட் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தான். "நோயா இது?"

"நோய் இல்ல. பாதி மார்ஷல், பாதி தாய். உங்க கிடேரிங்கள்லயும் பாதிக்கு இருக்கும்."

"யார் யாருக்குத் தெரியும்?" என்றாள் வெர்னா.

"எங்க அக்காவுக்கு. இப்போ உங்களுக்கு."

"எனக்கும்" என்றேன்.

அவர் திரும்பினார். "உனக்கா? எப்போலருந்து?"

"மே மாசத்துலருந்து. கீலைப் பாக்க வந்தேன்."

அண்ணி, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருவரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தின்றிருக்கிறோம்.

வெர்னா விடவில்லை. "எங்களுக்கு விக்கும்போது தெரியுமா?"

"அப்போ ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்தது. ஒண்ணுதானேன்னு நெனச்சுக்கிட்டேன். கிடேரிங்களைத் திருப்பி எடுத்துக்கறேன். எட்டையும்."

அவள் அவர் நீட்டிய கையைத் தொடவில்லை. வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அது நியாயம்தான். ட்வைட் மட்டும் போகும்போது, "எங்ககிட்ட அதை வித்திருந்தா எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான். நன்றி சொன்னானா, திட்டினானா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கே புரிந்திருக்காது.

இன்று காலையில் அவர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் விற்பனை இல்லை என்று போடச் சொல்லிவிட்டு வந்தார். மதியம் தட்டிலிருந்த அத்தனை உருளைக்கிழங்கைத் தின்றார்.

உங்கள்,
லியோட்டா

❖

டால்கிரென் பண்ணை
1954 அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா? ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?

நீ கேட்டதற்குப் பதில்: போன வருடம் ஒன்று. இந்த வருடம் பத்து. இதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே.

மார்ஷல் போய்விட்டது. இருபத்திரண்டு மகன்களும் போய்விட்டன. லாரிக்காரர் மார்ஷலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதையா அறுப்புக்கு அனுப்பறீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார். ஆமாம் என்றேன். யார் பிடித்தாலும் ஏறாது என்பதால் நானே மூக்கு வளையத்தைப் பிடித்து ஏற்றினேன். கன்றாக இருக்கும்போது எப்படி என் பின்னால் வருமோ அப்படியே வந்தது. அதைப் பற்றியும் கேட்காதே.

நீ கேட்ட பசுக்களை வியாழக்கிழமை ரயிலேற்றினேன். ஊருக்குப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போக வழி இருக்கிறது. லியோட்டா, "நடுத்தெரு வழியாவே போகலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே குதிரையைத் திருப்பிவிட்டாள். நடுப்பகல். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. ஆர்வில் சௌட்டர் முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தான்.

"நல்ல பசுங்களாச்சே எல்வுட். எங்க ஓட்டிட்டுப் போற?"

"அக்கா வீட்டுக்கு."

"எதுக்கு?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. "குட்டைக்கன்னு போட்ட பசுங்க. மார்ஷல் போட்ட கன்னு. எந்தக் காளை சுத்தம்னு பாக்கறதுக்கு இதுங்கதான் வேணுமாம்."

ஆர்வில் நுரையோடேயே உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான், முடிந்தது, நாமும் பால் வண்டி ஓட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு ரயிலடிப் பட்டிக்குப் போனேன்.

ரயில் வழக்கம்போலத் தாமதம். பசுக்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஆர்வில்லின் வண்டி வந்தது. பின்னால் இரண்டு பசு. முகத்தில் பாதிதான் சவரம் ஆகியிருந்தது.

"எடம் இருக்கா?" என்றான் என்னைப் பார்க்காமல்.

"உன்னுதா?"

"இல்ல, பாதிரியாரோடது. கேள்வியைப் பாரு. ஏத்து சீக்கிரம், யாராவது வந்துடப் போறாங்க."

வந்துதான் விட்டார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு முன்னால் இன்னொரு வண்டி நிற்பதைப் பார்த்து முதலில் திரும்பப் பார்த்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். என் பசுக்களோடு சேர்த்து முப்பத்தைந்து பசுக்கள் அக்கா. பன்னிரண்டு பண்ணைகள். இத்தனை வருடமாக இந்த மாவட்டத்தில் தன் வீட்டில் மட்டும்தான் இது விழுந்தது என்று ஒவ்வொரு மடையனும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். என்னையும் சேர்த்துத்தான். கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ரயில் பெட்டி போதாமல் இன்னொரு பெட்டி கேட்க வேண்டியதாயிற்று. ரயில்காரர் என்னைத்தான் திட்டினார்.

உன் கிழக்கு மேய்ச்சலில் இடம் போதாது. அதற்கு நான் பொறுப்பில்லை. நீதான் கேட்டாய்.

தம்பி,
எல்வுட்

❖

லார்க் க்ரீக்
1956 மே 20

அன்புள்ள எல்வுட்டுக்கும் லியோட்டாவுக்கும்,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். ரோலின் மாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்ற சபதத்தை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நிறுத்தமாட்டேன் என்கிறார்.

போன கோடையில் சீட்டுக் குலுக்கி இரண்டு பண்ணைகளை எடுத்து, ஆளுக்கு ஒரு காளையைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னோம். ஒன்று உன்னுடையது, ஒன்று ஆர்வில்லுடையது. உன் காளைக்கு மார்ஷல் ரத்தம் இல்லை, அப்பாவின் பழைய வழி, சுத்தமாகத்தான் இருக்கும், வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று எழுதினாய். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உன் காளை தேறவில்லை. முதல் எட்டுக் கன்றும் நன்றாக விழுந்தன. நான் உனக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினேன். ஒன்பதாவது குட்டைக்கன்று. நேற்று இன்னொன்று. அது அப்பாவிடமே இருந்திருக்கிறது எல்வுட். அவருக்கும் விழுந்திருக்கும். அவரும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். யோசித்துப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. இறந்துபோனவரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

ஆர்வில்லின் காளைக்குப் பதினேழு கன்று. அத்தனையும் நன்றாக இருக்கின்றன. அது நெட்டைக்கால், மெலிந்த இடுப்பு, எந்தக் கண்காட்சியிலும் உள்ளேகூட விடமாட்டார்கள்.

அதன் மகன் ஒன்று அவனிடம் இருக்கிறதாம். அந்த மகனுடைய தாயும் வெளியிலிருந்து வந்த வழி. அதையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும், ஆனால் இப்போதைக்கு உனக்கு வேறு வழி கிடையாது. வேலியைத் தாண்டிப் போய்க் கேள். வேண்டாம் என்று பத்துக் காரணம் எழுதி எனக்கு அனுப்பாதே. படிக்கமாட்டேன்.

உன் அக்கா,
ஆர்டிஸ்

❖

டால்கிரென் பண்ணை
1956 ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். லியோட்டாவும் நலம். உங்கள் நலம் அறிய விரும்புகிறோம்.

பத்துக் காரணம் எழுதித்தான் வைத்திருந்தேன். லியோட்டா படித்துவிட்டு, "இதுல ஏழு ஒரே காரணம்தான்" என்றாள். அதனால் போனேன்.

ஆர்வில் வாசலிலேயே நின்றான். அவனுக்கும் உன் கடிதம் வந்திருந்தது. வழியெல்லாம் அவன் என்ன சொல்வான், நான் என்ன திருப்பிச் சொல்வேன் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நல்ல நல்ல பதில்கள். ஒன்றுகூட உபயோகப்படவில்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டு, "உக்காரு. எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல" என்றான்.

"ஜெயிச்சவனுக்கு என்னடா தூக்கம் கெடுது?"

"என்னத்த ஜெயிச்சேன்? அது சுத்தம்னு எனக்குத் தெரிஞ்சா அனுப்பினேன்? உன்னுது மாதிரி என்னுதும் ஆகியிருக்கும். எங்கிட்ட இருக்கறதுலயே மட்டமான காளைன்னுதான் அதை அனுப்பினேன். தோத்தா நஷ்டம் இல்லன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. பிறகு அவனும் சிரித்தான். அந்த வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. காப்பி மோசமாக இருந்தது. குடித்தேன்.

இளங்காளையைக் காட்டினான். நீ எழுதியது சரி. தகப்பனைப் போலவே ஒட்டகமும் வேலிக்கம்பும் கலந்த மாதிரி இருக்கிறது. சாலை வழியாகச் சுற்றினால் வெகுதூரம் என்று ஆர்வில் ஒரு குறடு எடுத்து எல்லை வேலியின் கம்பிகளை வெட்டினான். எதையாவது வெட்டுவதற்கு முன் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. காளை அந்த இடைவெளி வழியாக வந்து, என் பசுக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து புல் மேய ஆரம்பித்தது.

"இப்போ என்ன பண்றது?" என்றான் ஆர்வில்.

"மார்ச் வரைக்கும் பாக்கறதுதான்."

கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். அவனுக்கும் வேலை கிடந்தது, எனக்கும் கிடந்தது. இருவரும் அங்கேயே நின்றோம்.

உன் தம்பி,
எல்வுட்